மூன்றாவது பேரிங்

“என் வீட்டுக்காரர் திருடன் இல்லைன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க, மேடம். ஒருவேளை திருடன்தான்னு தெரிஞ்சா, அதை எனக்கு மட்டும் சொல்லுங்க.”

சின்னவனுக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. ரெண்டில் ஒன்றை இப்போதே முடிவு பண்ணிச் சொல்லிவிட்டால் துப்பறிகிறவர்களுக்கு அலைச்சல் மிச்சமாகுமே என்று ஒரு வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது. அண்ணி மேசைக்கு அடியில் அவன் காலை நன்றாக அழுத்தி மிதித்தாள். வார்த்தை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிடும் சர்வேயராக இருந்தவள். வண்டி எப்படி நசுங்கியது என்பதைவிட வண்டிக்காரன் எதை மறைக்கிறான் என்பதுதான் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு நாள் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் அவளுக்குக் கார் ஓட்டுகிறான், கதவு தட்டுகிறான், மற்ற நேரமெல்லாம் பேசுகிறான். பேசுகிற வேலைக்கு அவனை யாரும் வைக்கவில்லை.

எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா மெக்கானிக். சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது, பளபளா என்றால் கார் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப் அவருடையது. அங்கே வேலைக்குச் சேர்ந்து, நல்ல பேர் வாங்கி, அவருக்கே மருமகனாகவும் ஆனவர்தான் டீச்சரின் கணவர்.

விஷயம் இதுதான். பல் டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். ரெண்டே பேர் உட்காரலாம், பார்க்க ராஜகுமாரி, ஆனால் அந்த ரகத்துக்கு ஊரறிந்த ஒரு சீக்கு உண்டு. இன்ஜினுக்குள் ஒரு தண்டு, தண்டின் பின்கோடியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பேரிங். அது உடைகிறபோது முனகாது, எச்சரிக்காது. திடீரென்று குண்டுகள் சிதறும், செயின் நழுவும், உள்ளே இருக்கிறதெல்லாம் ஒன்றோடொன்று மோதி, மொத்த இன்ஜினும் பழைய இரும்புக் கடைக்குத்தான். விவரம் தெரிந்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போதே, கையோடு அந்தப் பேரிங்கையும் கழற்றிவிட்டு, அதைவிடப் பலமான ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள்.

டாக்டரும் அதைத்தான் செய்யச் சொன்னார். திறந்து பார்த்தால், முன்பு வைத்திருந்தவரே பலமான பேரிங்கைப் போட்டிருந்தார். ஆனால் அதுவும் ஓடி ஓடி ஆயுசு முடிகிற நிலையில் இருந்தது. அதே கம்பெனியின் அதே பேரிங்கைப் புதிதாக வரவழைத்து மாற்றினார்கள். அப்புறமும் டாக்டர் ஒரு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சிதறிப்போயிற்று. பிரித்துப் பார்த்தால், உடைந்த வளையத்தில் பொறித்திருந்த எண் புதுப் பேரிங்கின் எண் இல்லை. எப்போதோ செய்த பழசு.

“கழட்டின பழசை டாக்டர் அன்னிக்கே கையோட எடுத்துட்டுப் போயிட்டார். வாங்கின புதுசு உள்ள இல்ல. அப்ப உள்ள இருந்தது மூணாவதா ஒரு பேரிங்,” என்றாள் டீச்சர், கரும்பலகையில் கணக்குப் போடுகிற குரலில். “இவர் புதுசை வித்துட்டு, எங்கயோ கிடந்த ஒண்ணை மாட்டிட்டார்னு அப்பா சொல்றார். மாட்டினது இவர் கைதான்.”

பளபளா அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வேலைக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்க்க, திருடன் என்றே சொல்லிவிட்டார். மருமகன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர் மாமனார் வீட்டு மாடியில் இருந்த தன் குடித்தனத்துக்கும் திரும்பவில்லை. இப்போது ஒரு டயர் கடையில் வேலை, அங்கேயே படுக்கை.

அண்ணி வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். டீச்சர் கைக்குட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நானும் கேட்டுட்டேன், மேடம். நிஜமாவே எடுத்தீங்களான்னு நானும் கேட்டுட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் போக எனக்கு முகம் இல்ல.”

சின்னவனுக்கு அப்போது மட்டும் நாக்கு அரிக்கவில்லை.

* * *

பளபளாவின் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் தோற்றுப்போகும். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ஸ்பேனர்கள் சுவரில் அளவுவாரியாகத் தொங்கின. செருப்பை வெளியே விட வேண்டுமா என்று சின்னவன் கேட்டான். ஒரு வேலைக்காரன் சிரிக்கப் பார்த்து, முதலாளி நிற்பது ஞாபகம் வந்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். அங்கே முதலாளி இருக்கும்போது யாரும் தேவையில்லாமல் வாய் திறப்பதில்லை என்பது சின்னவனுக்கு வந்த உடனே புரிந்துவிட்டது. அவனுக்கு அது நரகமாகத் தோன்றியது.

ஓர் அலமாரி நிறைய புது உதிரிப்பாகங்களின் அட்டைப்பெட்டிகள் இருந்தன. அண்ணி ஒன்றைத் திறந்தாள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னிய ஒரு பம்ப். புதுசா என்று கேட்டாள். பளபளாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருமகன் விஷயத்தில் நொந்துபோயிருந்த மனுஷன், அந்தக் கேள்வியில் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தார்.

அது பழசாம். கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றினோமா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதையும் அப்படியே கரியோடும் பிசுக்கோடும் கொடுத்தால் அது மரியாதை இல்லை. டீசலில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, புதுசு வந்த பெட்டியிலேயே வைத்துக் கொடுக்க வேண்டும். கழுவுகிற வேலையை அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை. அழுக்காக ஒரு சாமான் தன் கடை வாசலைத் தாண்டியதே கிடையாது என்றார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அண்ணி கேட்டதும் முகம் பழையபடி சுருங்கிப்போயிற்று. பழைய பேரிங்கைக் கழற்றிக் கழுவி ட்ரேயில் வைத்தாராம். புதுசையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம், பெட்டி பழசுக்கு வேண்டுமே. டாக்டர் நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி அவசரப்பட்டு, பழசை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மருமகன் வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்டினான். இவர் புதுசை எடுத்துக் கொடுத்தார்.

“கண்ணால பார்த்துக் கொடுத்தேன்மா. அதை அவன் என்ன பண்ணினான்னு அவனுக்குத்தான் தெரியும்.” சுவரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். “மகளைக் கொடுத்தேன். கடையையும் அவன் கையிலதான் கொடுக்க இருந்தேன். இப்ப வெளியில தலை காட்ட முடியல எனக்கு.”

அப்படியானால் அந்த மூன்றாவது பேரிங் எங்கிருந்து வந்தது? அதைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம். அண்ணியும் சின்னவனும் அதன் பின்னாலேயே அலைந்தார்கள். உதிரிப்பாகக் கடை, பழைய இரும்புக் கடை, வண்டிகளை உடைத்து விற்கிற யார்டு என்று ஒன்று பாக்கியில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அந்த ரகப் பேரிங்கை யாரும் ஓடிய நிலையில் விற்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். ஓடினது என்றால் அது செத்த பிணத்துக்குச் சமம் என்றார் யார்டுக்காரர். சின்னவன் உள்ளதைச் சொன்னான்: இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் பார்த்த மாதிரி இருக்கிறது அண்ணி. அண்ணி சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை எங்கோ பத்திரப்படுத்திக்கொண்டவள் மாதிரி அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

* * *

டயர் கடையில்தான் சின்னவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அண்ணி காரிலேயே போனில் பேசிக்கொண்டிருந்தாள். வரும்வரை பொறுக்கலாம். பொறுத்தால் அவன் சின்னவன் இல்லையே. நேரே உள்ளே போனான். நாலைந்து பேர் டயர் மாற்றக் காத்திருந்தார்கள். கடைக்காரம்மா மேசையில் இருந்தாள். மெலிந்த, அமைதியான ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். விரல் நகங்களைப் பார்த்ததும் பளபளாவின் பட்டறையில் பழகியவர் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவு சுத்தம்.

“இங்க வெறும் காத்துதானா? நல்லதாப் போச்சு,” என்றான் சின்னவன் உரக்க. “காத்தை யாரும் எடுத்து வெளியில விக்க முடியாது பாருங்க.”

ரெண்டு பேர் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று கடைக்காரம்மா கேட்டாள். கேட்டவுடன் சொல்லாமல் இருக்கத் தெரிந்தால்தானே. பேரிங் கதையைக் கைகால் வைத்து, மூக்கு முழி வைத்து, எல்லாரும் ரசிக்கிற மாதிரி சொன்னான். சிரிப்பு அடங்கிய பிறகுதான் காற்று அடிக்கிற இயந்திரமும் நின்றிருப்பது தெரிந்தது. அந்த மனிதர் எழுந்து நின்றிருந்தார். கோபப்பட்டிருந்தால் சின்னவன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். அவர் கோபப்படவில்லை. தன்னைப் பற்றி இன்னொருத்தர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அண்ணி வந்து கேட்டதற்கும் அவரிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது. “மாமா கொடுத்ததை மாட்டினேன்.” அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. எடுக்கவில்லை என்றாவது சொல்லுங்களேன் என்று அண்ணி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அவர் மறுபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

காருக்குத் திரும்பும்போது பின்னால் கடைக்காரம்மாவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். மருமகனிடம் சாமான் அறைச் சாவியை மேசையில் வைத்துவிடச் சொன்னாள். வேறு இடம் கிடைக்கிறவரை ரெண்டொரு நாள் இருந்துகொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம் என்றாள்.

அண்ணி கார்க் கதவைச் சாத்தினாள். “நம்மகிட்ட வந்தவ புருஷனோட மானத்தைக் காப்பாத்தத்தான் வந்தா,” என்றாள். “அந்த மனுஷனுக்கு இருந்த ஒரு வேலையையும் நீ பறிச்சுட்ட. ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு.”

சின்னவனுக்குக் காது மடல் ரெண்டும் சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டு நின்ற நிலைதான் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருந்தது. தன் நாக்கைப் பிடுங்கி அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. வண்டியை வழக்கத்துக்கு விரோதமாக மெதுவாக ஓட்டினான்.

* * *

பல் டாக்டர் நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்புக்காரர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் அவர்களை உள்ளே கூப்பிட்டார். சின்னவன் கதவோரமாக நின்றுகொண்டான். பல் பிடுங்குகிற நாற்காலியைப் பார்த்து அவனுக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். ஒன்றையும் சொல்லவில்லை.

அன்றைக்கு எடுத்துவந்த பழைய பேரிங்கைப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டாள். அவர் இழுப்பறையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லையாம். பழசு என்று தெரிந்த சாமானை யார் திறந்து பார்ப்பார்கள்?

பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்தது. அண்ணி பஞ்சை விலக்கினாள். பழுப்பு நிறத்தில் கெட்டியாக எதையோ அப்பிக்கொண்டு கிடந்தது பேரிங். பஞ்சு நூல்நூலாக அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“தொட்டா கையெல்லாம் பிசுபிசுக்குதுங்க, அதான் பஞ்சு,” என்றார் டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு. “வரும்போது அவசரம். பளபளா அந்தப் பக்கம் வேலையா இருந்தார். பழசை எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், ட்ரேயில இருக்கு எடுத்துக்கோங்கன்னார். ரெண்டு இருந்துச்சு. எது எதுன்னு எனக்கு என்ன தெரியும்? பழசுன்னா அழுக்காத்தானே இருக்கும். அழுக்கா இருந்ததை எடுத்துக்கிட்டேன்.”

அண்ணி பெட்டியைச் சின்னவன் பக்கம் நீட்டினாள். என்ன தோன்றுகிறது, பேசு என்றாள். பேசச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பளபளா கடையில இருந்து...” என்று ஆரம்பித்தவன் தயங்கினான். இதுவும் யாரையாவது குத்திவிடுமோ என்று பயமாக இருந்தது. “அவர் கடையில இருந்து இவ்வளவு அழுக்கா ஒரு பழைய சாமான் எப்படி அண்ணி வெளிய வரும்?”

“வராது,” என்றாள் அண்ணி.

மோந்து பார்க்கச் சொன்னாள். கரி வாசனை இல்லை, காய்ந்த இன்ஜின் ஆயில் வாசனையும் இல்லை. அது அழுக்கே இல்லை. புதுப் பேரிங் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தயாரிக்கிற இடத்திலேயே தடவி அனுப்புகிற கிரீஸ். வேறு எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் டாக்டர் எடுத்தது சரியாகவே இருந்திருக்கும். பழசு புதுசைவிடப் பளபளவென்று இருக்கிற ஒரே ஒரு கடையில் அவர் எடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. வளையத்தை ஒரு ஓரமாகத் துடைத்து எண்ணைப் படித்தாள், புதுசுக்கு உரிய எண்தான்.

“மூணாவது பேரிங்னு ஒண்ணு கிடையவே கிடையாது,” என்றாள். “நீ அன்னிக்கே சொன்ன. இல்லாத மாப்பிள்ளைக்குத்தான் இத்தனை நாளா பெண் பார்த்தோம்.”

வேறு நாளாக இருந்தால் சின்னவன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு அப்போது டயர் கடைச் சாவிதான் ஞாபகம் வந்தது.

* * *

ஒர்க்‌ஷாப்புக்கு டீச்சரையும் வரச் சொல்லியிருந்தாள் அண்ணி. வேலைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்ன சொல், எல்லார் முன்னாலும்தான் திரும்ப வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, யாரையும் வெளியே அனுப்பவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. டாக்டர் எடுத்துப்போன பழசு இது என்று மட்டும் சொல்லி, பேரிங்கைப் பளபளாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

பிசுபிசுப்பு பட்டதும் அவர் முகம் சுளித்தது. இவ்வளவு அழுக்கான சாமானைத் தன் கடைச் சாமான் என்று காட்டுகிறார்களே என்கிற எரிச்சல். கை தானாகத் துணியை எடுத்தது. எதைக் கொடுத்தாலும் முதலில் துடைக்கிற கை அது. துடைத்தார். வெளி வளையத்தைத் துடைத்தார், உள் வளையத்தைத் துடைத்தார், விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார். தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நின்றது. மறுபடி ஓட்டிப் பார்த்தார். எண்ணைப் படிக்கக் கண்ணாடியைத் தேடவில்லை. விரலே சொல்லிவிட்டது.

பக்கத்தில் கிடந்த ஜாக்கி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் பார்க்கலம்மா,” என்றார். “கண்ணால பார்த்துக் கொடுத்தேன்னு உங்ககிட்ட சொன்னேனே. பார்க்கல. டாக்டர் ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டார், ட்ரேயில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எடுத்து அடியில நீட்டினேன். நானே கழுவினது. என் கையால ஒரு மணி நேரம் கழுவினது. அது எனக்கே தெரியல.”

வேலைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அன்றைக்குத் திருடன் என்ற வார்த்தையைக் கேட்டவர்கள்தான் எல்லாரும். கேட்டுவிட்டு ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. டீச்சர் அப்பாவைத் திட்டுவாள் என்று சின்னவன் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. நானும்தானே கேட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

டாக்டரும் தப்பாக எடுத்தாரே என்று சின்னவன் மெல்ல ஆரம்பித்தான். பளபளா கையை ஆட்டினார். பல் பிடுங்குகிறவருக்குப் பேரிங் தெரிய வேண்டியதில்லை, தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அப்புறம் எழுந்து நின்று, வேலை உடுப்பை மாற்றாமலே, காரை எடுக்கச் சொன்னார்.

* * *

டயர் கடையில் அதே மாதிரி நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மருமகன் தன் பையைச் சுவரோரம் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நாலு பேரைச் சேர்த்துப் பார்த்ததும் ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்தார். மனைவியைப் பார்த்தார், உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் போனவன் சின்னவன். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கடைக்காரம்மாவுக்கு முன்னால் போய் நின்றான். அன்றைக்குத் தான் சொன்னது பொய், தெரியாமல் சொன்ன பொய், தெரிந்துகொள்ளாமல் சொன்ன பொய் என்றான். அன்று கைகால் வைத்து வந்த கதை இன்று ஒரு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. கடைக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சொன்னதை அவர்கிட்ட சொல்லு என்றாள். சின்னவன் திரும்பி, “மன்னிச்சுக்கோங்க, அண்ணே,” என்றான். தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான், முடியவில்லை.

பளபளா சுற்றி வளைக்கவில்லை. காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, “தப்பு என்னுது,” என்றார். “பழசை எடுத்து உன் கையில கொடுத்தது நான். உன்னைத் திருடன்னு சொன்னதும் நான். எல்லாரும் கேட்டுக்கோங்க.”

டீச்சர் விம்மினாள். இனி மருமகன் முகத்தில் வெளிச்சம் வரும், இத்தனை நாள் பாரம் இறங்கும் என்று சின்னவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வரவில்லை. அந்த மனிதர் இன்னும் அதிகமாகக் குறுகிப்போனார்.

“எனக்குத் தெரியும், மாமா.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அண்ணிகூட நிமிர்ந்து பார்த்தாள்.

“கையில வாங்கினப்பவே தெரிஞ்சுது. கிரீஸ் இல்ல. துடைச்சுக் கொடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். சுத்திப் பார்த்தேன், லேசா ஆட்டம் இருந்த மாதிரி இருந்துச்சு. இது பழசு மாதிரி இருக்கே மாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “நீங்க கொடுத்ததை எப்படிக் கேக்கறது? முன்ன ஒரு தடவை ஒரு போல்ட் பத்திக் கேட்டேன். எல்லார் முன்னாலயும் ஸ்பேனரைத் தூக்கி என்கிட்ட கொடுத்து, அப்ப நீயே முதலாளியா இருந்துக்கோன்னீங்க. அதுக்கப்புறம் நம்ம கடையில யாருமே எதையும் கேக்கறதில்ல. நானும் கேக்கல. மாட்டிட்டேன். நான் திருடல மாமா, ஆனா சந்தேகம் இருந்தும் மாட்டினேன். வண்டி நடு ரோட்டுல சிதறியிருக்கு, டாக்டருக்கு ஏதாவது ஆகியிருந்தா? அதான், நீங்க என்ன சொன்னாலும் சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.”

பளபளாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது போல இருந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒர்க்‌ஷாப்பில் அவர் வந்தால் அடங்கிப்போகிற சத்தம், இருமலாக மாறுகிற சிரிப்பு, தலை குனிந்து வேலை பார்க்கிறவர்கள், இதையெல்லாம் இத்தனை காலமும் அவர் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு இன்ஜின் சாகட்டும், இவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று தன் சொந்த மருமகன் நினைத்திருக்கிறான். தப்புப் பேரிங்கைக் கொடுத்ததைவிட இதுதான் அவரைக் கூசவைத்தது. அந்த முகத்தைப் பார்க்கச் சின்னவனுக்கே கஷ்டமாக இருந்தது. தன்னைப் போல ஓயாமல் பேசினாலும், இவரைப் போல யாரையும் பேசவே விடாமல் அடித்தாலும், கடைசியில் பக்கத்தில் இருக்கிறவன்தான் வாயடைத்துப் போகிறான் என்று அவனுக்குப் பட்டது.

“இனிமே கேப்பியா?” என்றார் பளபளா.

மருமகன் மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். “கேட்டா, நின்னு பார்ப்பீங்களா மாமா?”

அந்தக் கேள்வியை இதற்கு முன் அவரிடம் யாரும் கேட்டதில்லை. கடைக்காரம்மாகூட எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பளபளா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். கிரீஸ் இன்னும் அப்படியே இருந்தது, துடைக்காமலே வந்திருந்தார்.

“டாக்டரை இப்பவே போய்ப் பார்க்கணும்,” என்றார். “அவர் இன்ஜினை நாமதான் மறுபடி கட்டிக் கொடுக்கணும். என்ன ஆச்சுன்னு அவர்கிட்ட நீ சொல்லு மாப்ளே, உனக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்லு. என்னைப் பத்தி எதையும் குறைச்சுச் சொல்லாதே. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

டீச்சர் சுவரோரம் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். மருமகன் அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் நடந்தாள்.